பின்னுக்கு நடந்த திரை

லென்ஸ் கால்வாயில் விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தவளை குதித்தது போல ஒரு 'பொளக்', அவ்வளவுதான். அதற்கு விச்சியன் போட்ட கூச்சல்தான் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கேட்டது. அவன் எங்கள் சினிமாப் படகின் குரல்காரன். அந்தக் காலத்துப் படங்களுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கதாநாயகன், கதாநாயகி, வில்லன், வில்லனின் நாய், எல்லாருக்கும் மைக்கோடு உட்கார்ந்து அவன்தான் பேசுவான். லென்ஸைச் சுற்றியிருந்த துண்டை உருவி முகம் துடைத்துக்கொண்டதும் அவன்தான். அதனால் கூச்சல் போடும் உரிமையை நான் அவனுக்கே விட்டுக்கொடுத்தேன்.

நான் படம் ஓட்டுகிறவன். மூழ்கித் தேடினேன். ஒரு செருப்பும் ஒரு நண்டும் கிடைத்தன. நண்டு என் விரலைப் பிடித்தது, லென்ஸ் பிடிபடவில்லை.

நோங் கதின் ஊருக்கு நாங்கள் அன்று போனது மனிதர்களுக்குப் படம் காட்ட அல்ல. படித்துறைப் பக்கத்தில் குடியிருக்கும் சாவ்போவுக்காக. அவர் அந்த ஊர்க் காவல் தெய்வம். காவல் தெய்வங்களுக்குச் சினிமா என்றால் உயிர். நேர்ந்துகொண்டவர்கள் திரைக்கு முன்னால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, சிவப்பு சோடாவைத் திறந்து உறிஞ்சுகுழல் வைத்து, ஊதுவத்தி கொளுத்திப் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒரு மனிதர்கூட இல்லாத வயலில் நான் எத்தனையோ முறை முழுப்படம் ஓட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட ரசிகர் கிடைக்கமாட்டார். இருமமாட்டார், எழுந்து போகமாட்டார்.

நேர்ந்துகொண்டவள் லம்துவான் அக்கா. வாத்து வளர்ப்பவள். மகள் புப்பாவுக்கு இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது நின்றதும் சாவ்போவிடம் ஓடிப்போய், "இது நல்லபடியா பொறக்கட்டும். பிள்ளை அழுகுரல் கேக்கறதுக்கு முன்னால உனக்கு ஒரு முழுப்படம், 'முடிந்தது'ன்னு எழுத்து வர்ற வரைக்கும், காட்டிடறேன்" என்று சொல்லிவிட்டாள். அறுவடைக் காலத்தில் எங்களுக்கு ஓய்வே இல்லை. தள்ளித் தள்ளிப் போய், நாங்கள் வந்து சேர்ந்த மத்தியானம்தான் புப்பாவுக்கு வலியும் வந்து சேர்ந்தது.

"விழுந்தது என்ன சாமான்?" என்று கேட்டாள் அக்கா.

"கண்ணு மாதிரிக்கா. அது இல்லன்னா மெஷின் குருடு."

"வேற கண்ணு?"

"பட்டணத்துல இருக்கு. நாளைக்குக் கொண்டாந்துரலாம்."

"நாளைக்கா? என் பேரப்பிள்ள நாளைக்குத்தான் வரேன்னு உங்கிட்டச் சொல்லி அனுப்பிச்சா?"

வயலின் மறுகோடியில் இருந்த அவள் வீட்டிலிருந்து ஒரு முனகல் வந்தது. அக்காவின் முகம் வெளுத்தது. மறுபடி ஒன்று போனால் மகள் தாங்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரிந்தது.

"லென்ஸ் இல்லாமலே போட்டு விடு. வெளிச்சம் வருதில்ல? மத்தத சாமி புரிஞ்சுக்குவாரு" என்றான் விச்சியன்.

பொழுது சாயும் நேரம். போட்டுப் பார்த்தேன். திரையில் வெறும் கஞ்சித்தண்ணீர். காரணம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. படச்சுருளில் கதாநாயகியின் மூக்கு இருக்கிறது. அந்த மூக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சம் ஒரே திசையில் போகாது. திருவிழா கலைந்த கூட்டம் மாதிரி எல்லாப் பக்கமும் சிதறும். காதும் அப்படித்தான், கண்ணும் அப்படித்தான். திரையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பாகிவிடும். லென்ஸ் என்ன செய்கிறது? மூக்கிலிருந்து வந்தவர்களையெல்லாம் வளைத்துப் பிடித்து ஓரிடத்தில் சேர்க்கிறது, காதுக்காரர்களை இன்னோரிடத்தில். நடுவே தடித்து, ஓரம் மெலிந்திருந்தால் போதும், ஒளி தானாக வளைந்து கூடும். அது கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதை நான் ஐஸ்கார ஹெங்கின் கடையில் கண்டுகொண்டேன். ஒருநாள் உடைந்த ஐஸ் துண்டு ஒன்று வெயிலில் கிடந்து உமிமேல் சின்ன வெளிச்சப் பொட்டு வைத்தது. உமி புகைந்தது. ஐஸ் தீ வைத்ததை நேரில் பார்த்தவன் நான். நம்பாதவர்கள் ஹெங்கைக் கேட்கலாம். அவன் செத்துப் பல வருஷம் ஆகிறது, இருந்தாலும் கேட்கலாம்.

அன்று ஹெங்கின் படகும் துறையில்தான் நின்றது. உமியைக் கிளறி ஐஸ் பாளங்களைப் பார்த்தோம். நடுப்பகுதியெல்லாம் வெள்ளைப் புகை. ஓரத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும், அங்கே ஐஸே இல்லாத மாதிரி, தெளிவு.

"இதுக்குள்ள நாயகன் நாயகி எல்லாம் போக முடியுமாடா?" என்றான் ஹெங்.

"குளிரும். ஆனா போவாங்க."

அலுமினியத் தண்ணீர்க் கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கி, ஐஸை அதற்குள் வைத்துச் சுற்றினேன். கிண்ணத்தின் வளைவு ஐஸுக்கு வந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கமும் சுற்றினேன். கொழுக்கட்டை மாதிரி புடைத்த ஒரு லென்ஸ். பால்மாவு டின்னின் இரு பக்கமும் வெட்டிக் குழாயாக்கி, அதன் வாயில் ஐஸை ஈரத்துணி சுற்றிப் பொருத்தி, மெஷின் முன்னால் மாட்டினேன்.

படச்சுருளை மாட்டும்போது விச்சியன் கையைப் பிடித்தான்.

"எப்பவும் தலைகீழாத்தானே மாட்டுவ?"

"ஆமா. லென்ஸ் கவுத்துவிடும். மேல கிளம்பின வெளிச்சம் கீழ போயிரும், கீழது மேல போயிரும்."

"அது கண்ணாடி லென்ஸு. இது தண்ணி. கால்வாய்ல தென்னமரம் எப்படித் தெரியுது? தலைகீழா. லென்ஸ் ஒரு தடவ கவுக்கும், தண்ணி தன் பங்குக்கு ஒரு தடவ கவுக்கும். ஆகமொத்தம் நேரா வந்துரும். நேராவே மாட்டு."

கால்வாய்க்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவான வாதம் வேண்டுமா? நேராக மாட்டினேன்.

அக்கா ஊதுவத்தி கொளுத்தினாள். மருமகன் சமனும் ஹெங்கும் ஆளுக்கொரு மூங்கிலாகத் திரையைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். ஓரிடத்தில் கஞ்சி தெளிந்து படமானது. கதாநாயகன் குதிரையில் வந்தான். குதிரைக்கு மேலே அல்ல, குதிரைக்குக் கீழே. குதிரை வானத்தில் ஓடியது.

"ஐயோ! தலைகீழா வருதே! சாமி கோவிச்சுக்கிட்டா?" என்று அக்கா தலையில் கை வைத்தாள். கழற்றி மாட்ட நேரமில்லை. ஐஸ் அதற்குள் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

வீட்டு ஜன்னலில் மருத்துவச்சி தோங்கம் தலையை நீட்டினாள். வாயில் வெற்றிலை.

"என்னடி கூப்பாடு?"

"படம் தலைகீழா ஓடுதுக்கா!"

"ஓடட்டும்! பிள்ள தலைகீழாத்தான்டி வரணும். நேரா வந்தாத்தான் வம்பு. யாராச்சும் திருப்பினீங்க, நானே வந்து ஒதைப்பேன்!"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. விச்சியன் மைக்கைப் பிடித்தான். கதாநாயகியின் கண்ணீர் கன்னம் வழியாக மேலே விழுந்தது. "அத்தான், என் கண்ணீர் வானத்துக்கே போகுது பாருங்க" என்று அவன் குழைந்தான். எழுதிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திராது.

விளக்கின் சூட்டில் ஐஸ் கரைந்தது. கரையக் கரையப் புடைப்பு தட்டையானது. தட்டையான லென்ஸ் ஒளியை அவசரமாக வளைக்காது. சோம்பேறித்தனமாக வளைத்துத் தூரத்தில் போய்ச் சேர்க்கும். அதனால் படம் மங்கும். திரை பின்னால் போனால் மறுபடி தெளியும், பெரிதாகவும் ஆகும்.

"பின்னால போங்கடா!"

சமனும் ஹெங்கும் திரையோடு பின்னுக்கு நடந்தார்கள். வரப்பில் தடுக்கினார்கள், எழுந்தார்கள், நடந்தார்கள். சாவ்போ வயதானவர், தூரத்தில் வைத்தால் தெரியாதே என்று அக்கா நாற்காலியையும் சோடாவையும் தூக்கிக்கொண்டு திரையைத் தொடர்ந்து ஓடினாள். ஒவ்வொரு முறை தூக்கும்போதும், "மன்னிச்சுக்கப்பா, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று கும்பிட்டாள். சோடா குறைந்துகொண்டே வந்தது. சாமி குடித்தார் என்றாள் அக்கா. மைக் கம்பியை இழுத்துக்கொண்டு நாற்காலி கூடவே போன விச்சியனின் நாக்கு ஏன் சிவந்திருந்தது என்று நான் கேட்கவில்லை.

வில்லனின் மீசை எருமை அளவுக்கு வந்தது. பிறகு படகு அளவுக்கு. வாத்துகள் மொத்தமும் கால்வாயில் இறங்கி எதிர்க்கரைக்குப் போய்விட்டன. கடைசிச் சுருள் ஓடும்போது திரை வீட்டுச் சுவரில் முட்டியது.

"இதுக்கு மேல எடமில்ல!" என்று சமன் கத்தினான்.

"துணியைக் கீழ போடு! சுவத்துலயே விழட்டும்!"

பலகைச் சுவர் முழுக்கப் படம் விழுந்தது. நாயகன் போரிலிருந்து தாயிடம் திரும்பி வருகிறான். உள்ளே புப்பா அலறினாள். "இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரே தடவ!" என்றாள் தோங்கம். லென்ஸ் வெற்றிலைக் கனத்துக்கு வந்துவிட்டது. நான் மூச்சை அடக்கினேன். மூச்சுச்சூடு பட்டால்கூடப் போய்விடும்.

அக்கா சுவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

'முடிந்தது' என்ற எழுத்து வந்தது. தலைகீழாக, வீட்டைவிடப் பெரிதாக, சுவர் தாண்டிக் கூரையிலும் ஏறி. ஒவ்வொரு எழுத்தும் கத்தி போலத் தெளிவாக நின்றது. அடுத்த நொடி லென்ஸ் உடைந்து என் மணிக்கட்டு வழியாகத் தண்ணீராக ஓடியது. சுவரில் வெறும் வெள்ளை வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில்தான் குழந்தை அழுதது.

ஹெங் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். சமன் ஒருமுறை உள்ளே ஓடினான், ஒருமுறை வெளியே ஓடினான், எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. தோங்கம் ஒரு துணிப்பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"பொண்ணு. தாய் நல்லாயிருக்கா. வாங்கிக்கடி."

அக்கா கையை முழுக்க நீட்டி, பேத்தியைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். குழந்தையின் கண்கள் எங்கும் நிற்காமல் அலைந்தன.

"என்னைப் பாக்க மாட்டேங்குதே?"

"அவ்வளவு தூரத்துல அதுக்கு என்ன தெரியும்? அந்தக் கண்ணுக்கு ஒரு சாண்தான் எட்டும். கிட்டக் கொண்டு போ."

அக்கா மெதுவாக முகத்தருகே கொண்டுவந்தாள். கொஞ்சம் கிட்ட. இன்னும் கொஞ்சம். கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்க, ஒரு விரற்கடை பின்னால். அங்கே கண்கள் நின்றன.

"தெரியுது" என்றாள் அக்கா, மூச்சே விடாமல். "நான் தெரியறேன்."

அப்படியே கை அசையாமல் நின்றாள். கொசுக்கள் வந்து கடித்தன. அப்போதும் அவள் நகரவில்லை.