வண்டல் போட்ட வழி

பிச்சாட்டூரைத் தாண்டியதும் பனி இறங்கிவந்து சாலைமேல் படுத்துக்கொண்டது. பரணி வேகத்தைக் குறைத்தான். லாரியின் முதுகில் கான்கிரீட் உருளை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ தூங்கி மூச்சு விடுவதுபோன்ற அந்த ஓசை, புத்தூர் பிளான்ட்டிலிருந்து அவன் கூடவே வந்தது. அது நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருப்பது இறுகிக் கல்லாகிவிடும்.

லோடு நாகலாபுரத்தை ஒட்டிய ஒரு ஊருக்கு. அங்கே வீடு கட்டுகிறவள் சுலோசனா, அவனுடைய மனைவி.

ஆடிக்குத் தாய்வீடு போனவள் ஆவணியில் திரும்பவில்லை. சண்டை ஒரு துண்டு நிலத்துக்காக. அவள் அம்மா பச்சையம்மாள், வயலோரத்தில் வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று இடம் கொடுத்தாள். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேச்சு பரணிக்குப் பிடிக்கவில்லை. "மாமியா குடுத்த மண்ல குந்திகினு துன்ற ஆளு நான் இல்ல. அந்த மண்ல காலே வெக்க மாட்டேன்" என்று கத்தினான்.

"நீ வெக்காத. நான் கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் சுலோசனா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. சேர்த்த பணமெல்லாம் இந்த அடித்தளத்தில் இறங்குகிறது என்று ஊர்க்காரர்கள் மூலம் அவன் காதுக்கும் வந்திருந்தது.

இந்த லோடு இறுகிவிட்டால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பிவிடும். அப்புறம் அவர்கள் குடியிருந்த திருப்பதி வாடகை வீட்டின் கதவை அவள் எதற்காகத் தட்டப்போகிறாள்? வேறு டிரைவருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். பரணி கேட்கவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

பனிக்குள் மாமரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. தார்ச்சாலையிலிருந்து வயலுக்குள் ஒரு புது மண்வழி பிரிந்தது. கறுத்து, வழவழவென்று, சீப்பால் வாரிவிட்ட தலைபோல இருந்தது. வழி முடிகிற இடத்தில் பள்ளமும் கம்பிக்கட்டும். பச்சையம்மாளும் கட்டட மேஸ்திரியும் ஆட்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிச் சுலோசனா நின்றாள். தலையில் சுற்றிய துண்டுக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. டிரைவர் இருக்கையில் யார் என்று பார்த்ததும் துண்டை இன்னும் இழுத்துக்கொண்டாள்.

புது இடத்துக்குப் போனால் பரணிக்கு ஒரு பழக்கம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வழி முழுக்க ஒருமுறை நடப்பான். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் நெகிழ்ந்திருக்கும் மண்ணை உள்ளங்கால் சொல்லிவிடும். பிறகுதான் வண்டி.

இன்று அவன் இறங்கவில்லை. காலே வைக்க மாட்டேன் என்று சொன்ன மண்ணில் எப்படி இறங்குவது? அதுவும் அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

"மேஸ்திரி, வழி கெட்டியா கீதா?" என்று ஜன்னலிலிருந்தே கேட்டான்.

"காலைல டிராக்டர் போச்சு டிரைவரே, ஒண்ணும் ஆவல. ரிவர்ஸ்ல வா!" என்றார் சலீம் மேஸ்திரி.

லாரி பின்னால் நகர்ந்தது. பாதி வழிவரை மண் அசையவில்லை. பிறகு அடியில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. பின்சக்கரங்கள் நிதானமாக, அவசரமே இல்லாமல், கீழே போயின. அவன் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கறுப்புச் சேறு வானத்துக்குத் தெறித்தது.

சுலோசனா ஓடிவந்து கதவருகே நின்றாள்.

"நடந்து பாக்காம வண்டிய எறக்க மாட்டியே நீ? இன்னிக்கு இன்னா ஆச்சு?"

அவள் அவனுடைய செருப்புக் கால்களைப் பார்த்தாள். புரிந்துபோயிற்று.

"அந்த வாய்க்கொழுப்புக்காவவா?"

"இது இன்னா மண்ணு?" என்றான் அவன்.

"ஏரி வண்டலு. மழைக்கு முன்னாடி நாங்களே அள்ளியாந்து கொட்டனோம்."

"வண்டலப் போயி யாருனா லாரி வர்ற வழில கொட்டுவாங்களா?"

"நாங்க கொட்டுவோம்! நெலத்துக்கு அதவிட நல்லது இன்னா கீது? புது வூட்டுக்கு மட்டமானத போடுவாங்களா?"

அவளுக்கு அழுகை முட்டியது. நல்லது என்று நினைத்து வாரிக்கொட்டியது லாரியை விழுங்கிக்கொண்டிருந்தது.

பரணியின் போன் அடித்தது. பிளான்ட்டிலிருந்து ஹரிபிரசாத். விஷயத்தைக் கேட்டதும் தெலுங்கில் கத்தினார். "லோடு அக்கடே பாரபோசேய் பரணி! ட்ரம் போத்தே ஏம் சேஸ்தாவு?" லோடை அங்கேயே கொட்டிவிடு, உருளைக்குள் இறுகிவிட்டால் உருளையே போய்விடும் என்றார்.

ஒரு நெம்புகோலை இழுத்தால் போதும். எல்லாம் வண்டலில் வழிந்து வீணாகிவிடும். இன்னொரு லோடுக்கு அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை. வீடு நின்றுவிடும். அவன் வேண்டியதும் அதுதானே? பழியும் அவன்மேல் வராது. பிளான்ட் சொன்னது, செய்தேன். அவ்வளவுதான்.

உருளை சுழன்றுகொண்டே இருந்தது. பனியில் சுலோசனா நெம்புகோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பரணி செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு இறங்கினான். வண்டல் சில்லென்று முழங்கால்வரை ஏறியது. அவ்வளவு மிருதுவான மண்ணை அவன் மிதித்ததே இல்லை.

"மேஸ்திரி, சட்டி எத்தினி கீது? அத்தே, கூரைத் தகரம் இருந்தா எடுத்தாங்க. கையாலயே எறக்கிடலாம்."

தகரங்களை வளைத்து ஓடைபோல் வைத்தார்கள். எட்டாத தூரத்துக்கு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சாம்பல்நிறக் குழம்பு தகரத்தில் வழிந்து சட்டியில் விழ, சட்டி கைமாறிக் கைமாறிப் பள்ளத்துக்குப் போயிற்று. பனிக்குள் முகங்கள் தெரியவில்லை. கைகள் மட்டும் வந்து வாங்கிக்கொண்டன. கனவில் நடக்கிற வேலைபோல யாரும் அதிகம் பேசவில்லை.

எதிர்வீட்டு ஜெயம்மாதான் தாங்கமாட்டாமல் ஆரம்பித்தாள். "கால வெக்க மாட்டேன்னாராமே மாப்ள? இப்ப முட்டி வரைக்கும் இல்ல வெச்சிகினு கீறாரு!"

"பூமி இஸ்துகிச்சு ஜெயம்மா. அவரு இன்னா பண்ணுவாரு?" என்றாள் பச்சையம்மாள். வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது.

பரணிக்கு அடுத்த இடத்தில் சுலோசனா நின்றாள். ஒவ்வொரு சட்டிக்கும் விரல்கள் உரசின. அவன் தலையைத் தூக்கவில்லை.

"கொட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றாள் அவள், மெல்ல.

"போயிருக்கலாம்."

"ஏன் போவல?"

அடுத்த சட்டி வந்துவிட்டது. அதை அவள் கையில் கொடுத்தபிறகு சொன்னான். "வூடு இல்லாம போனா நீ திரும்பி வந்துடுவன்னு நெனச்சேன். அப்பிடி வந்து இன்னா பிரயோசனம்?"

அவள் சட்டியைக் கைமாற்ற மறந்து நின்றாள். "யம்மா சுலோ, கை நின்னா காரை நின்னுடும்!" என்று சலீம் அதட்டினார்.

வெயில் ஏறியபோது உருளை காலியாகியிருந்தது. எடை குறைந்த லாரியை டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். பள்ளத்தில் கான்கிரீட் சமமாகப் பரவி, ஈரம் மினுங்க, ஒரு சின்ன குளம்போல் கிடந்தது.

"நாளைல இருந்து ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணும். இல்லாட்டி வெடிச்சிடும்" என்றார் சலீம்.

"நான் விடியக்காலைல கம்பெனி பஸ் ஏறிடுவேன். அம்மாவால கொடம் தூக்க முடியாது" என்று மேஸ்திரியிடம் சொன்னாள் சுலோசனா.

"நான் ஊத்தறேன்" என்றான் பரணி.

"திருப்பதில இருந்தா?"

"இங்க இருந்து."

சிமெண்ட் அரித்துச் சிவந்திருந்த அவன் உள்ளங்கைகளை அவள் பார்த்தாள். "ஊரு வூட்டோட மாப்ளன்னு சொல்லும்."

"சொல்லிகினு போவட்டும். வூடே இன்னும் எழும்பலியே."

அவள் சிரிக்கவில்லை. அம்மா வீட்டுக்குள் போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து நீட்டினாள். அவன் தடவிக்கொண்டு லாரியைப் புத்தூருக்கு ஓட்டிப்போனான். சாயங்காலம் பஸ்ஸில் ஒரு பையோடு வந்து இறங்கினான்.

மறுநாள் விடியலில் அடித்தளத்தின்மேல் வரப்புக் கட்டித் தேக்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. பரணி குடத்தைச் சாய்க்கச் சாய்க்க வானம் கலைந்து மறுபடி கூடியது. கம்பெனிச் சீருடையை மாட்டிக்கொண்டு சுலோசனா வரப்போரம் வந்து நின்றாள்.

"அந்த மூலைல சமையல்கட்டு. ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கலாம்?"

அவன் குடத்தை இறக்கிவைத்தான். இந்த வீட்டைப் பற்றி இதுவரை அவள் அவனிடம் கேட்டதில்லை. கேட்கும்படி அவனும் நடந்துகொண்டதில்லை.

"மலை தெரியற பக்கம்."

"அது மேக்கு. சாயங்காலம் வெயிலு அடிக்கும்."

"அடிக்கட்டும். திரை போட்டுக்கலாம்."

தார்ச்சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் உடனே திரும்பவில்லை. தண்ணீருக்குமேல், இன்னும் இல்லாத ஜன்னல் வழியாக, பனியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த நாகலாபுரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.