அழுக்கு மேஜைக்கு ஒரு புதுப் பெண்

பதினெட்டு வருஷம் படி ஏறி இறங்கி கட்சிக்கு ஓட்டுக் கேட்ட உங்கள் பெயரை அடித்துவிட்டு, அங்கே ஒரு ஆம்பிளையின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘பெண்’ என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

போர்டு அக்காவுக்குக் காது மடல் வரை கொதித்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளைக்கு யாருக்கு எந்த வேலை என்று சாயங்காலமானால் கரும்பலகையில் எழுதுவது அவள். அதனால்தான் அந்தப் பெயர். நகரசபைக்குக் கட்சி நிறுத்தும் ஆறு பேரில் மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாவது பெண் நீதான் என்று போன மாதமே செயலாளர் சொல்லியிருந்தார். இன்று மத்தியானம் கட்சி ஆபீஸில் ஒட்டிய பட்டியலில் அந்த இடத்தில் அவருடைய மச்சான் இருந்தார், முறுக்கிய மீசையோடு. அதே சலவைக்கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவர். ஊருக்கே அவர் மச்சான்தான்.

“என்னண்ணே இது?” என்று செயலாளரிடம் கேட்டாள்.

“கோவிச்சுக்காதம்மா. ஆணா பொண்ணான்னு அவங்கவங்க சொல்றதுதான் செல்லும்னு சட்டமே சொல்லுது. அவரு பொண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நான் என்ன, பேண்ட்டைக் கழட்டியா பாக்க முடியும்?”

“எப்ப இருந்து பொண்ணு?”

“நேத்து சாயங்காலத்துல இருந்து.”

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் விறுவிறுவென்று சலவைக்கூடத்துக்கு வந்தாள். மூலையில் தையல்காரி கிழிந்த போர்வைகளை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடையது. அவள் திருநங்கை. அவரவர் சொல்வதுதான் செல்லும் என்ற அந்தச் சட்டத்துக்காக ஆறு வருஷம் கோர்ட்டுப் படியைத் தேய்த்தவள்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பட்டியலை மாத்தலாமாம். ஆட்சேபணை குடுத்தா, அவங்கவங்க சொன்னதை விட்டுட்டு எல்லாருக்கும் பிறப்புச் சான்றிதழைத்தான் பாப்பாங்களாம்” என்றாள் போர்டு அக்கா.

“அப்படிப் பாத்தா நானும் போயிடுவேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் வந்தியாடி?”

“ஆமாடி. சான்றிதழைத்தான் பாக்கணும்னு முதல்லயே வச்சிருந்தா அந்த நாய் உள்ள வந்திருக்குமா?”

“நானும்தான் வந்திருக்க மாட்டேன்.” தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். “பொய் சொன்னது அவன். வெளிய போறது நானா? நல்லா இருக்குடி உன் நியாயம். பொண்ணுன்னு சொன்னதுக்கு நான் வாங்குன அடி உனக்குத் தெரியும். அவனை ஒரே ஒரு நாள் பொண்ணா இருந்து காட்டச் சொல்லு, பாப்போம்.”

போர்டு அக்கா கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள்.

அந்தக் கூடத்தில் ஆண்கள் மெஷின் ஓட்டுவார்கள். வார்டுகளிலிருந்து ரத்தமும் மலமுமாக வரும் துணிகளை அழுக்கு மேஜையில் போட்டுக் கையால் பிரிப்பது பெண்கள் மட்டும். அதை மாற்றச் சொல்லி அவள் கத்தாத மேலதிகாரி இல்லை. ஒருத்தரும் அசைந்து கொடுத்ததில்லை. இன்றைக்கு அந்த வழக்கத்தையே கையில் எடுத்தாள். ‘நாளை காலை ஆறு மணி, அழுக்கு மேஜை: மச்சான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் வேட்பாளர் பட்டியலின் நகலை ஒட்டினாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது மச்சான் அதைப் பார்த்தார்.

“என்னக்கா விளையாட்டு இது? நான் ஆம்பிளை!”

மெஷின்கள் நின்றிருந்த நேரம். நாற்பது பேர் காதிலும் அது விழுந்தது.

“இதையே தேர்தல் ஆபீஸ்ல போய்ச் சொல்லு.”

“சொல்லலேன்னா?”

“கையுறை அங்க கிடக்கு, மாட்டிக்க. உன் கைக்குச் சேராது. எங்க கைக்கும் என்னைக்கும் சேர்ந்ததில்ல.”

“வாம்மா தங்கச்சி” என்றாள் தையல்காரி மூலையிலிருந்து. “முதல் நாள் குமட்டும். அப்புறம் பழகிடும்.”

இந்த முறை சிரித்தது பெண்கள்.

மறுநாள் காலை மச்சான் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்குத் தேர்தல் ஆபீஸில் மனுவைத் திரும்பப் பெற்றார். தையல்காரியின் பெயர் இரண்டாவது இடத்தில் அப்படியே இருந்தது. பத்தரைக்கு, மூன்றாவது இடத்துக்குச் செயலாளர் தன் மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.