சத்தமில்லாத கீபோர்டு

எஸ்டேட் ஆபீஸில் லதுஷாவிடம் இருந்த பழைய கீபோர்டு, தட்டினால் ஊரைக் கூட்டும். பக்கத்து அறையிலிருந்த தோட்டத்து மேனேஜர் துரைக்கோ பாம்புச் செவி. அவள் வேலை தேயிலைக் கொழுந்துக் கணக்கு; எண்களைத் தட்டுவது ஒரு தாளம், எழுத்துகளைத் தட்டினால் வேறு தாளம். கண்டுபிடித்துவிடுவார்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலை சரியும்படி வெடிப்பு விட்டிருப்பதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் மிரட்டியிருந்தார். அந்த லயத்தில்தான் லதுஷாவின் அம்மா இருந்தாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஈயத்தை உருக்கிப் பழைய சுவிட்சுகளைக் கழற்றி, பதுளைக் கடையில் வாங்கிய சத்தமில்லாத சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.

மறுநாள் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எல்லாவற்றையும் மெயிலில் எழுதி முடித்தபோது கதவு திறந்தது.

“என்ன புள்ள, காலையில இருந்து ஒன் சத்தத்தையே காணோம்? வேல நடக்குதா?”

எண்களையும் சேர்த்து ஊமையாக்கிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. துரை மேசையைச் சுற்றி வரத் தொடங்கினார்.

“நடக்குதுங்க சேர்.”

அவர் முகத்தைப் பார்த்தபடியே என்டரைத் தட்டினாள். அதுவும் சத்தம் போடவில்லை.