தேய்த்துத் தேய்த்து மங்கிய கண்ணாடி

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்த நாற்பது சோலார் பேனல்களையும் கழுவுவது பளபளாக்காவின் வேலை. அவள் கை பட்ட இடம் பளபளக்கும் என்று குடியிருப்பவர்கள் வைத்த பெயர் அது.

அங்கே லிப்ட் ஓடுவதே பேனல்களின் தயவில்தான். கட்டியவர்கள் வெளி மின்சாரத்தைக் கொஞ்சமாகத்தான் வாங்கியிருந்தார்கள். மிச்சத்தைச் சூரியன் பார்த்துக்கொள்ளும் என்று வாசலில் பெருமையாக எழுதியும் வைத்திருந்தார்கள். வேலையோடு மொட்டைமாடியில் ஓர் அறையும் கொடுத்தார்கள். அதில் அவளும், இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மகளும் இருந்தார்கள். இருபத்தாறு வயதில், நான்கு மாதத்துக்கு முன்புதான், மகளுக்குத் தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்திருந்தது. காலையில் லிப்டில் இறங்குவாள், மாலையில் ஏறுவாள். மகள் இறங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் பளபளாக்கா கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுவாள்.

ஒரு மாதமாக மாலையில் லிப்ட் நின்று நின்றுதான் ஓடியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு பொறியாளரை அழைத்துவந்தார்.

பொறியாளர் குனிந்து, பேனல் கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதுவும் உதிரவில்லை.

"எந்தத் தண்ணியில கழுவுறீங்கம்மா?"

"போர் தண்ணிதான் தம்பி. நல்ல தண்ணி குடிக்கவே பத்தல."

"எந்த நேரத்துல?"

"மத்தியான வெயில்ல. அப்பத்தான் சட்டுனு காயும்."

"வெள்ளை வெள்ளையாப் படியுமே?"

"படியும். விட்டுருவேனா? கம்பி நார் போட்டுத் தேச்சிருவேன்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பொறியாளர் அவளைப் பார்க்காமல் செயலாளரிடம் சொன்னார்: "வெயில்ல காயக் காய உப்பு கண்ணாடியில ஊறிடுச்சு. தேச்சதுல கண்ணாடியே கீறி மங்கிப்போச்சு. இனிமே வெளிச்சம் சரியா உள்ள போகாது. எல்லாத்தையும் மாத்தணும்."

நான்கு வருடம். காய்ச்சலில்கூட ஒரு நாள் விட்டதில்லை. எப்படிக் கழுவ வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று மோட்டார் அறைச் சுவரில் தொங்கத்தான் செய்தது. அது அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. வாரம் தவறாமல் அதையும் தூசு தட்டி வைத்திருந்தாள்.

சோம்பேறியாக இருந்திருந்தால் பேனல்கள் பிழைத்திருக்கும். அந்த நினைப்பு அவளை வெறுந்தரையில் உட்கார வைத்துவிட்டது.

செயலாளர் போன் பேச ஒதுங்கியதும் பொறியாளர் அருகில் குனிந்தார். "ரிப்போர்ட்ல பேனலுக்கு வயசாயிடுச்சுன்னு மட்டும் எழுதிடவாம்மா?"

"வேணாம் தம்பி. உள்ளத எழுதுங்க. இல்லாட்டி புதுசையும் என்னை மாதிரி ஒருத்தி தேச்சுத் தொலைச்சிருவா."

திரும்பி வந்த செயலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "சொல்லித் தராதது எங்க தப்பும்மா. உன் வேலைக்கு ஒண்ணும் வராது. ஆனா புதுசு போட ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் லிப்ட் காலையில ரெண்டு மணி நேரம்தான்."

"சாயங்காலம் சார்?"

"வீட்டு லைட்டுக்கே சரியாப் போயிடும். லிப்டுக்குக் கரண்ட் எங்கம்மா இருக்கு?"

அன்று மாலை ஆறரைக்குச் சக்கர நாற்காலியைக் காவலாளியிடம் விட்டுவிட்டு மகளை முதுகில் ஏற்றிக்கொண்டாள். இரண்டாம் மாடியில் சொன்னாள்: "நான்தான்டி கெடுத்தேன்." மகள் தாடையை அம்மாவின் தோளில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் மாடியில் முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்து மகளைப் படியில் உட்கார வைத்தாள். கதவு திறந்தது. அந்த வீட்டு லாரி டிரைவர் முதுகுக்குப் பெல்ட் கட்டியிருந்தார்.

"என்ன பளபளாக்கா, பேனலத் தேச்சது போதாதுன்னு படியையும் தேய்க்க வந்துட்டியா?" என்றவர், மகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "தூக்க முடியாதும்மா, என் முதுகு ஏற்கெனவே ரிப்பேர். அவ காலையாவது பிடிச்சுக்கறேன். நட."

"உங்களுக்கு ஏண்ணே சிரமம்?"

"வண்டியில பாதி லோடு ஏத்தினா ரோட்டுல நின்னுடுவோமா என்ன? நட, நட."

பின்னால் வந்தபடியே தொங்கும் பாதங்களை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். பாரம் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏற முடிந்தது. நாளைக்கும் இவர் வரமுடியாது, தன்னாலும் முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் மாடியில் மகள் கைப்பேசியை எடுத்தாள். அம்மாவின் முதுகில் இருந்தபடியே கடை முதலாளியம்மாவிடம் பேசினாள்.

"அக்கா, நான்தான். நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்கோங்க... இல்லக்கா, யாரும் ஒண்ணும் சொல்லல... எனக்குத்தான் ஏற முடியல."

ஒவ்வொரு வார்த்தையும் பளபளாக்காவின் காதோரமாகவே விழுந்தது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டும் மகளின் தொடைகளுக்கு அடியில் கோத்திருந்தன. டிரைவர் பாதங்களை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.