அவள் தேர்ந்தெடுத்த வால்வு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாடிப்படி ஏறுவதுதான் பாதி வேலை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். லிஃப்ட் நன்றாக ஓடும்போது அவரை யாரும் நினைப்பதில்லை. நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள், அப்போது மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். இவர் ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஏறும்போது ஆறாவது மாடியில் மயங்கி விழுந்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். உலோக வால்வு காலத்துக்கும் வரும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாட்டின் இதய உறையில் செய்த திசு வால்வு என்றால் அந்த மாத்திரை பெரும்பாலும் வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் கெட்டுப்போகும்.

இரும்போடு பழகியவர், உலோகத்தின் பக்கமே சாய்ந்தார். மனைவி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து டாக்டரின் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"இதப் பாருங்க டாக்டர். வாரத்துக்கு நாலு வெட்டு. அந்த மாத்திரையயும் குடுத்தா நான் துணியோட இவர் பின்னாடியே சுத்தணும்."

"பதினஞ்சு வருஷத்துல மறுபடியும் கத்தி வைக்கணும்ல?" என்றார் அவர் மனைவியிடம்.

"அதுக்குள்ள என் முட்டியும் போயிருக்கும். ஒண்ணா போய்ப் படுத்துக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலாக் கேட்டு வாங்கறது என் பொறுப்பு."

டாக்டரே சிரித்துவிட்டார். திசு வால்வுதான் வைத்தார்கள்.

ஒன்பது வருடம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. வருடாவருடம் நாள் குறித்து அவரைப் பரிசோதனைக்கு இழுத்துப்போனது அவள்தான். ஒன்பதாம் வருடம், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இரண்டே நாளில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு அவர் பரிசோதனைக்குப் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரி நாற்காலிகளில் தனியாக உட்காரத் தெம்பில்லை.

அவள் போன மூன்றாம் வருடம் நெஞ்சு கனக்கத் தொடங்கியது. அவளுடைய அலமாரியைத் திறந்தால் கனத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. அவளுடைய தலையணையையும் எடுத்துத் தன்னுடையதன்மேல் போட்டு, உயரமாகச் சாய்ந்துகொண்டார். எல்லாம் அவள் நினைப்பு என்றே நம்பினார். அப்படி நம்புவதில் ஒரு ஆறுதலும் இருந்தது. இத்தனை நாள் கழித்தும் இவ்வளவு கனக்கிறதென்றால் அவள் இன்னும் வெகுதூரம் போய்விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். அவர் படியேறி வருவதை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாடிக்கு மூணு தடவ நிக்கிறீங்கப்பா."

"உங்கம்மா ஞாபகம் வந்துடுச்சும்மா."

"எனக்கும்தான் வருது. நான் நிக்கலயே."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இப்போது வேறு டாக்டர், ஒரு பெண். ஸ்கேன் திரையில் வால்வைக் காட்டினார். இதழ்கள் சுண்ணாம்பு படிந்து விறைத்து, பாதிகூடத் திறக்கவில்லை.

"மனைவி போனதுலேர்ந்து மனசு சரியில்ல டாக்டர். அதனாலன்னு நினைச்சேன்."

"துக்கத்துல கால் வீங்காதுங்க," என்றார் டாக்டர் மெதுவாக. இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலுறையின் தடம் கணுக்காலில் ஆழமாகப் பதிந்திருந்தது.

இந்த முறை நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை என்றார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய், பழையதற்குள்ளேயே விரித்து வைத்துவிடலாம்.

"அப்ப பழசு?"

"அது அங்கேயே இருக்கும். எடுக்க மாட்டோம்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் தலையாட்டினார். இருந்தும் சிகிச்சையன்று காலை மகளிடம் சொன்னார்: "இது சரியாயிட்டா அவளும் போயிடுவாளோன்னு இருக்கும்மா."

மகள் அவருடைய ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா இருந்தா இந்நேரம் உங்களத் திட்டித் தீர்த்திருப்பா. எனக்கு அந்த அளவுக்கு வராது. நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

நல்லபடியாகத்தான் வந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒருவர் நாள் முழுக்க போனில் பேசிக்கொண்டிருந்தார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கால் வீக்கம் வடிந்தது. மட்டமாகப் படுத்துத் தூங்கினார். அலமாரியைத் திறந்து பார்த்தார். நெஞ்சு லேசாக இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல் உடனே மூடினார்.

இரண்டு மாதம் கழித்து, டாக்டர் சம்மதித்த பிறகு, பழைய கட்டிடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்பது மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். வேலையை முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவர், "ஏய், இங்க வாயேன், ஒண்ணு சொல்லணும்," என்றார்.

கூடத்தில் யாருமில்லை. பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். பிறகு மகளுக்கு போன் செய்தார்.

"என்னப்பா குரலே சரியில்ல? மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. மூச்செல்லாம் நல்லாருக்கு." பையைக் கீழே வைத்தார். "உங்கம்மாவத் தேடுது."

மகள் வேலைக்கு நடுவில் இருந்தாள். ஆனாலும் போனை வைக்கவில்லை.

"சொல்லுங்கப்பா," என்றாள். அன்று ஏறிய ஒன்பது மாடியையும் அவர் தரைத்தளத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.