ஒரு ஸ்டார் காபி

டிரைவிங் டீச்சரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. காபிக் கடை வாசலில் வண்டியை ஒதுக்கி நிறுத்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவார்கள். வேறு எங்கே நிறுத்தச் சொன்னாலும் திருதிருவென்று விழிப்பார்கள். டீச்சர் பார்க்கிங் பாடம் நடத்தியதெல்லாம் காபிக் கடை வாசல்களில்தான்.

அவளைக் குறை சொல்வதற்கு முன்னால் அவள் பிழைப்பையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை, தன் பக்கத்துக்கென்று தனியாக வைத்த பிரேக்கின் மேல் ஒரு காலை ஊன்றியபடி, முன்பின் தெரியாதவர்கள் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் உத்தியோகம். குரலை உயர்த்தக் கூடாது. பயத்தை முகத்தில் காட்டக் கூடாது. லாரி நேருக்கு நேர் வந்தாலும் "பரவால்ல, மெதுவா, மெதுவா" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வேலை பார்க்கிறவளுக்கு நடுவில் ஒரு நல்ல காபி கிடைக்காவிட்டால் யாரையாவது கடித்து வைத்துவிடுவாள்.

அந்தப் புறநகரில் காபியைத் தவிர எல்லாம் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழுவாத கார் நின்றது. பெட்ரோல் பங்கில் ஒரு இயந்திரம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் வெந்நீர் ஒரு பக்கமும் தூள் ஒரு பக்கமுமாக விழும், அவற்றைச் சேர்த்து வைப்பது நம் பொறுப்பு. மாலில், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற பெரிய கடை ஒன்று இருந்தது. அங்கே கோப்பையின் மேல் நம் பெயரை எழுதித் தருவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுத மாட்டார்கள்.

அதனால் டீச்சர் தேட ஆரம்பித்தாள். கிளையும் விளம்பரமும் இல்லாத, முதலாளியே நின்று காபி போடுகிற கடைகள். "அடுத்த தெருவுல திரும்புங்க" என்று மாணவர்களை ஏவி ஏவித் தெருத் தெருவாக அலைந்தாள். செடி விற்கிற இடத்தின் பின்பக்கம் ஒன்று அகப்பட்டது. அங்கே காபி போடுகிறவர் கொட்டை எந்த மலையில், எந்தச் சரிவில் விளைந்தது என்று தொடங்கி அதன் குலம் கோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். சைக்கிள் ரிப்பேர் கடைக்குள் இன்னொன்று. காபி பிரமாதம்தான், ஆனால் முதல் மடக்கில் காபி மணமும் இரண்டாவது மடக்கில் செயின் எண்ணெய் மணமும் வந்தது. மேசை நாற்காலி விற்கிற கடையில் ஒரு ஓரமாக இருந்ததுதான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. மனசு தாங்காமல் அதைப் பற்றி இணையத்தில் ஐந்து ஸ்டார் போட்டு உருகி உருகி எழுதினாள். கூட்டம் அலைமோதியது. காபியைப் படம் பிடிக்க வந்தவர்கள் குடிக்க வந்தவர்களைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கடையை மால் கடைக்காரர்களே வாங்கிவிட்டார்கள். நம் வாயாலேயே கெட்டோம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரேக் மாமா அவளிடம் மாணவராகச் சேர்ந்தார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, "என் தங்கச்சி சும்மாவே கத்துக்குடுப்பா, போங்க" என்று அக்கா துரத்தியதால் வந்தவர். எதைப் பார்த்தாலும் பிரேக் போடுவார். எதிரே வண்டி வந்தால் போடுவார். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று சந்தேகப்பட்டுப் போடுவார்.

ஒரு நாள் டயர் கடைக்கும் துணி வெளுக்கிற கடைக்கும் நடுவே இருந்த ஒரு அழுமூஞ்சிக் கட்டடத்தின் எதிரே, பறந்து வந்த பிளாஸ்டிக் பைக்கு மரியாதை செலுத்தி மாமா பிரேக்கை அழுத்தினார். டீச்சரின் நெற்றி கண்ணாடியில் இடிக்காமல் தப்பியது. திட்டுவதற்காக வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். ஜன்னல் வழியாக மணம் வந்துகொண்டிருந்தது.

"மாமா, இங்கயே இருங்க. நகராதீங்க."

"நான் எங்க நகரப் போறேன்? எனக்குத்தான் நிறுத்த மட்டும் நல்லா வருதே," என்றார் மாமா. வண்டியை விட்டுவிட்டு வந்தால் யாராவது இடித்துவிடுவார்கள் என்று அவர் உள்ளே வர மறுத்துவிட்டார்.

உள்ளே மூன்றே மேசைகள். ஒன்றில் பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், இன்னொன்றில் கேஸ் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் அம்மா. காபி போடுகிறவர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர். சின்னக் கோப்பையில், கெட்டியாக, கை பொறுக்காத சூட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் ஒரு வாய் குடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

"எப்படி இருக்கு?"

காலையிலிருந்து இறுகிக் கிடந்த டீச்சரின் பின்கழுத்து அந்த ஒரு மடக்கில் தளர்ந்துவிட்டது. "நல்லா இருக்குண்ணா," என்று மட்டும் சொன்னாள். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அது அவள் இடம். பல் டாக்டரும் வக்கீல் அம்மாவும் ஆளுக்கொரு மேசையில் இருப்பார்கள், மூன்றாவது அவளுக்கு. ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேசினால் காபி ஆறிவிடும் என்பது மூவருக்கும் தெரியும். காபிக்காரர் மட்டும் தினமும் "எப்படி இருக்கு?" என்பார். மூன்று பேரும் தலையை ஆட்டுவார்கள்.

ஒரு நாள் இரண்டு பேர் வந்து கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். டீச்சருக்கு மேசை நாற்காலிக் கடை நினைவுக்கு வந்தது. இனி வரிசை, தள்ளுமுள்ளு, அதற்குப் பின்னாலேயே மால்காரர்கள். வண்டியில் ஏறி, மாமா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோதே போனை எடுத்து, "உண்மை விளம்பி" என்று ஒரு புதுப் பெயரில் எழுதினாள்: "கருகிய வாசம். கசப்பு தாங்கவில்லை. யாரும் போய் ஏமாறாதீர்கள்." ஒரு ஸ்டார். அதற்குக் கீழே போட வழியிருந்தால் போட்டிருப்பாள். நல்ல காரியத்துக்காகத்தானே என்று மனசைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வண்டி நடைபாதையில் ஏறியதை அப்போதுதான் கவனித்தாள்.

கூட்டம் வரவில்லை. ஆனால் அவள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. காபிக்காரர் ரிவ்யூ படிக்கிறவர். படிப்பதோடு நில்லாமல் நம்புகிறவர்.

முதலில் வறுவல் மாறியது. கசப்பு என்று எழுதியிருந்தார்களே என்று கொட்டையை இளசாக வறுத்தார். காபி வெளிறிப்போய்ப் புளித்தது. டீச்சர் விழுங்கிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துச் சூடு போயிற்று. குளித்துவிட்டு வந்த குழந்தையின் உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது காபி. இது யார் வேலை என்று அவளுக்குப் புரியவில்லை, தன் ரிவ்யூவில் சூட்டைப் பற்றி ஒன்றுமே இல்லையே. அதற்கப்புறம் சின்னக் கோப்பை காணாமல் போய், அண்டா மாதிரி ஒன்று வந்தது. அதில் பாலும் தண்ணீரும் தளும்பத் தளும்ப நின்றன. காபி எங்கேயோ அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று அவர் கேட்கும்போது குரல் தாழ்ந்திருந்தது. பல் டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். வக்கீல் அம்மா கட்டைப் பிரித்தாள். டீச்சர் தலையை ஆட்டினாள், ஆட்டிய தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் காபி போகும். இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் அந்த அண்டாவைத் தினமும் காலி செய்துகொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில் மாமா வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஒரே மூச்சில், கடை வாசலில் அலுங்காமல் வண்டியை நிறுத்தினார். அந்தச் சந்தோஷத்தில் காவலைக் கைவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னைக்கு எனக்கும் ஒரு காபி வாங்கிக்குடு. உங்க அக்காகிட்ட நீதான் சாட்சி."

காபி வந்தது. மாமா ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பாத்திரம் கழுவின தண்ணியை மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"மாமா, சும்மா இருங்க."

"சார் சொல்றது சரிதான்," என்றார் காபிக்காரர். கோபமே இல்லை அவரிடம். கோபப்பட்டிருந்தால் டீச்சருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எல்லாரும் சொல்லிட்டாங்க சார். கசப்புன்னாங்க, மாத்தினேன். சூடுன்னாங்க, மாத்தினேன். அளவு பத்தலைன்னாங்க. எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் சரியா வரலை. எனக்கு என்னமோ அந்தப் பழைய காபிதான் நல்லா இருந்துச்சு. அப்படின்னா என் நாக்குலதானே ஏதோ கோளாறு?" பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டு அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, நாக்கை முழுசாக நீட்டினார்.

டாக்டருக்கு வேறு வழியில்லை. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். டாக்டரின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"நல்லாத்தான் இருக்கு. எதுக்கும்... வாய் கொப்பளிக்க ஒரு மருந்து எழுதித் தர்றேன்."

"மருந்துல ருசி திரும்புமா டாக்டர்? இல்லைன்னா இந்த மாசத்தோட கடையை மூடிடறேன். ருசி தெரியாதவன் எதுக்குக் காபி போடணும்?"

டீச்சரின் கால் மேசைக்கடியில் தரையை ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. ஒரு நல்ல மனிதனை அவனுடைய நாக்கையே சந்தேகப்பட வைத்துவிட்டோமே.

"அண்ணா, உண்மை விளம்பி நான்தான்."

"யாரு?"

"கருகின வாசம்னு எழுதினவ. அத்தனையும் பொய்ண்ணா. உங்க காபி மாதிரி நான் எங்கயுமே குடிச்சதில்லை. கூட்டம் வந்து கெடுத்துடுமோன்னு பயந்து எழுதிட்டேன்."

"அடிப்பாவி!" என்றார் மாமா. ஒரு மாதத்துக்கு அக்காவிடம் சொல்வதற்கு விஷயம் கிடைத்த ஆனந்தம் அவர் முகத்தில் வழிந்தது.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "மேல்வாய் வெந்துபோச்சுன்னு ஒண்ணு வந்துச்சே... அது நான்."

"நீங்களா? இப்பதானே என் வாய்க்குள்ள தலையை விட்டுப் பாத்தீங்க!"

"அதான் நல்லா இருக்குன்னு சொன்னேனே."

எல்லோரும் வக்கீல் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? காபி நல்லா இல்லைன்னு நான் எங்கயுமே எழுதலை. அளவு கம்மின்னுதான் எழுதினேன். ருசியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. வேணும்னா படிச்சுப் பாருங்க."

"ஆக மொத்தம், இந்தக் கடையில உண்மை பேசினது நான் ஒருத்தன்தான்," என்றார் மாமா.

காபிக்காரர் எழுந்து உள்ளே போனார். திட்டப் போகிறார் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவரோ அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்த பழைய வறுவல். அரைத்தார். ஒரு மூலையில் கவிழ்த்து வைத்திருந்த சின்னக் கோப்பையைக் கழுவித் துடைத்தார். கடை முழுக்க அந்தப் பழைய மணம் எழுந்து பரவியபோது, டாக்டர் தன்னையறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வக்கீல் அம்மா கட்டை மூடி வைத்தாள். டீச்சருக்கு வாயில் எச்சில் ஊறியது.

காபிக்காரர் கோப்பையை எடுத்துவந்து, டீச்சரின் மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தானே குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கு."

கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு உள்ளே போய் இன்னொன்று போட்டுக் கொண்டுவந்தார். மூன்று தலைகளும் அந்தக் கோப்பையோடு கூடவே திரும்பின. அது மூவரையும் தாண்டிப் போய் மாமாவின் முன்னால் உட்கார்ந்தது.

மாமா குடித்தார். பேச்சில் மட்டும் பிரேக் போட்டே பழக்கமில்லாத மனிதர், அப்படியே வாயடைத்துப்போனார்.

டீச்சர் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அண்ணா... எங்களுக்கு?"

"நல்லா மூச்சை இழுத்துக்கோங்க டீச்சர்," என்றார் காபிக்காரர். "ஒரு ஸ்டாருக்கு வாசனை மட்டும்தான்."