வாழ்த்து அட்டைப் படம்

அமெரிக்காவில், டுலூத்தில், ஆர்டித்தின் குடும்பம் நவம்பரில் வரும் நன்றித் திருநாளுக்கு மறுநாள் ஒரே மாதிரி பைஜாமா போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும். அதுதான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாகி நூற்று நாற்பது வீடுகளுக்குப் போகும். போன வருஷ அட்டையில் மருமகள் ஜேனலின் இடது தோள் மட்டும் இருந்தது. மிச்சத்தை மாமியார் ஆர்டித் வெட்டச் சொல்லிவிட்டாள்.

"உன்னை முழுசா போட்டா மத்தவங்களுக்கு இடம் எங்கம்மா?"

இந்த வருஷம் முழுசாக நின்றே தீருவது என்று ஜேனல் கங்கணம் கட்டிக்கொண்டாள். பதினோரு வருஷமாகப் பண்டிகையில் தின்று, ஜனவரியில் பட்டினி கிடந்து, மார்ச்சில் பழையபடி ஊதியதுதான் கண்ட பலன். பண்டிகை முடிந்து அழுவானேன், முன்னாலேயே ஆரம்பித்தால் என்ன? ஆகஸ்டிலேயே தொடங்கினாள். பட்டினி கிடையாது. காலையில் இரண்டு முட்டை, ராத்திரி சூப், கடைகள் திறக்குமுன் ஷாப்பிங் மாலுக்குள் கிழவர்களோடு ஆறு சுற்று நடை. இருபத்தெட்டு பவுண்டு இறங்கியது.

படம் எடுக்கும் நாளில் சிவப்புக் கட்டம் போட்ட பைஜாமா அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நாத்தனார் பிரிட்டாவுக்குத்தான் பொருந்தவில்லை. மூன்றாவது பிள்ளை பெற்று நாலு மாதம். ஜேனல் பக்கத்தில் வந்து நின்றதும் பிரிட்டா கண்ணாடியைப் பார்த்து அழுதுவிட்டாள்.

ஆர்டித் நொடியில் தீர்ப்புச் சொன்னாள். "இந்தத் தடவை நம்ம ரத்தம் மட்டும் நிக்கட்டும். ஜேனல், நீ படம் எடுத்துடு."

"ஐயோ, அண்ணியும் நிக்கட்டும்மா," என்றாள் பிரிட்டா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஜேனல் புருஷனைப் பார்த்தாள். கர்ட் சோபாவில் நடுவாக உட்கார்ந்திருந்தான். "ஒரு படம்தானே, விடேன்," என்றான்.

ஜேனல் கேமராவை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். முப்பது படம் எடுத்தாள். ஒன்றில் பிரிட்டா குழந்தைக்காகக் குனிந்திருந்தாள். பொத்தான் விட்டுப்போய் வயிறு மடிப்பு மடிப்பாக வெளியே தெரிந்தது. அதே படத்தில் ஆர்டித் மகாராணி மாதிரி இருந்தாள். ஜேனல் அதைத்தான் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அட, நான் நல்லா விழுந்திருக்கேனே! இதையே அடிச்சிடு," என்றாள் கிழவி. அவள் தன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

நூற்று நாற்பதும் போய்ச் சேர்ந்தன. பிரிட்டாவுக்கு நாலாவதா என்று ஃபார்கோவிலிருந்து சித்தி போன் போட்டுக் கேட்டாள். கிறிஸ்துமஸ் விருந்தில் ஆர்டித் மகளின் தட்டிலிருந்து, பீக்கன் பருப்புப் போட்ட இனிப்புப் பண்டத்தை எல்லோர் எதிரிலும் எடுத்து ஜேனலுக்கு வைத்தாள். "நீ சாப்பிடும்மா, உனக்கென்ன."

ஜேனல் தட்டோடு சமையலறைக்குப் போனாள். பிரிட்டா பின்னாலேயே வந்தாள். ஜேனலின் உடம்பைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லாதவள் அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திதான். அது ஜேனலுக்கும் தெரியும்.

"அண்ணி, அந்தப் படத்தைத் தெரியாமத்தானே எடுத்தீங்க? அது போகட்டும். நாளைக்கு நடக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? தனியாப் போக வெக்கமா இருக்கு."

ஜேனல் அந்தப் பண்டத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கும்வரை பிரிட்டாவைக் காக்கவைத்தாள்.

"நீ வந்தா எனக்கு வேகம் குறைஞ்சிடும்டி," என்றாள்.